ஆறு மாசமா ஆறாத விரல் முடிச்சு: கடல் கிருமி நம்ம செல்லுக்குள்ள போய் என்ன பண்ணுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாம்பன்_தென்கடல்

எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மாவுக்காகத்தான் கேக்குறேன். அம்மா பாசி எடுக்குறவங்க, முப்பது வருசமா தென்கடல்ல முங்கி பார்ல ஒட்டியிருக்குற மரிக்கொழுந்து பாசிய பிச்சு சாக்குல கட்டி கொண்டாருவாங்க. பழைய துணிய கிழிச்சு விரலுக்கு விரலு சுத்திக்கிட்டுத்தான் இறங்குவாங்க, இருந்தாலும் பார் கல்லு கீறாம விடாது. ஆறு மாசம் முன்னாடி வலது கை ஆள்காட்டி விரல்ல கீறுச்சு, அதுவா ஆறிப்போச்சு, மூணு வாரம் கழிச்சு அதே எடத்துல கடலப்பருப்பு சைஸுக்கு ஒரு முடிச்சு. வலி இல்ல, காச்சல் இல்ல. செவப்பும் ஊதாவும் கலந்த மாதிரி நிறம். அப்புறம் மேல வெடிச்சு தண்ணியா கசிஞ்சுது. இப்ப மணிக்கட்டு வரைக்கும் வரிசையா மூணு முடிச்சு, கயித்துல மணி கோத்த மாதிரி.

மெடிக்கல்ல கேட்டு மாத்திர போட்டோம், ஒரு கிளினிக்ல அஞ்சு நாள் ஊசி, இன்னொரு எடத்துல முடிச்சுக்குள்ளயே ஊசி ஏத்துனாங்க, ஸ்டீராய்டுன்னு சீட்டுல இருக்கு. அது போட்ட ஒரு வாரம் அமுங்குச்சு, பெறகு முன்னவிட பெருசாயிருச்சு.

இன்னொன்னும் கேக்கணும். பத்து வருசம் முன்னால எங்க பெரியப்பா கழிமுகத்துல வல பிரிச்சுக்கிட்டு இருக்கும்போது கால்ல கெளுத்தி முள்ளு குத்துச்சு. மறுநா காலு வீங்கி கருஞ்செவப்பா கொப்புளம் போட்டுருச்சு, மூணாம் நாளு ஆளு இல்ல. அதே கடல்தான். ஒருத்தருக்கு ரெண்டு நாள்ல உயிர் போகுது, ஒருத்தருக்கு ஆறு மாசமா வலிகூட இல்லாம ஊருது. ஏன் இப்படி? கிருமி உள்ள போய் என்னதான் பண்ணுது? கூகுள்ல தேடுனா பயமுறுத்துறானுக, புரியிற மாதிரி ஒருத்தனும் சொல்லல.

மூக்கையூர்_வலை

தம்பி எங்க பக்கம் முள்ளு குத்துனா உடனே தாங்குற சூட்டுல வெந்நில கைய முக்கி வைப்போம், திருக்கை வாலு அடிச்சாலும் அதேதான், கொஞ்ச நேரத்துல கடுப்பு நின்னுரும். பெறகு மஞ்சளும் வேப்பெண்ணையும். நாப்பது வருசமா கடலுக்கு போறேன், இதுலதான் ஆறியிருக்கு. அம்மாவுக்கும் செஞ்சு பாருங்க. ஆனா வரிசையா முடிச்சு வர்றத நான் பாத்தது இல்ல.

திருப்பாலைக்குடி_லேப்

தம்பி, நான் டாக்டர் இல்ல. மைக்ரோபயாலஜி படிச்சுட்டு பதினாலு வருசமா மதுரையில ஒரு லேப்ல இருக்கேன், சொந்த ஊரு திருப்பாலைக்குடி, எங்க வீட்லயும் வல்லம் உண்டு. அதனால இத படிச்சுட்டு சும்மா போக முடியல.

மொதல்ல அவசரமானத சொல்லிடுறேன். முடிச்சுக்குள்ள மறுபடி ஸ்டீராய்டு ஊசி போட விடாதீங்க. பெரியாஸ்பத்திரில தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, போன உடனே "அம்மா கடல்ல பாசி எடுக்குறவங்க"ன்னு சொல்லுங்க, அவங்க கேக்கலன்னாலும் நீங்களா சொல்லுங்க. முடிச்சுலருந்து சின்ன துண்டு எடுத்து பயாப்சியும் கல்ச்சரும் (கிருமிய லேப்ல வளத்து பாக்குற டெஸ்ட்) பண்ணச் சொல்லி கேளுங்க, கல்ச்சர 37 டிகிரில மட்டும் இல்லாம 30 டிகிரிலயும் வைக்கணும்னு சீட்டுல எழுதி வாங்குங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன்.

நீங்க சொல்றது எல்லாம், கடல்ல புழங்குற கை, வலியில்லாத முடிச்சு, வாரக்கணக்குல மெதுவா வளர்றது, நிணநீர் குழாய் போற வழியிலயே வரிசையா ஏறுறது, ஸ்டீராய்டு போட்டதும் பெருசாகுறது, மைக்கோபாக்டீரியம் மரினம்ங்குற கிருமிக்கு பொருந்துது. 1926ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்துல செத்த கடல் மீன்கள்லருந்து பிரிச்சு எடுத்தாங்க. டிபி கிருமிக்கு நெருங்குன சொந்தம். பயப்படாதீங்க, இது டிபி மாதிரி இருமல்ல ஒட்டாது, ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு பரவுறதும் இல்ல. இதுக்கு 30, 32 டிகிரிதான் தோது, 37ல வளரவே கஷ்டப்படும். அதனாலதான் உள்ளுறுப்புக்கு போகாம, உடம்புலயே குளுந்த எடமான விரல், கை, முழங்கைன்னு தங்கிக்குது. லேப்ல எல்லாத்தையும் 37லயே வச்சா ஒண்ணும் முளைக்காது, "கிருமி இல்ல"ன்னு ரிப்போர்ட் வந்துரும், நோயாளி வெறுங்கையோட திரும்பி போவாங்க. சீட்டுல "ஆறாத புண்"ணுன்னு மட்டும் எழுதி வர்ற சாம்பிள் எத்தனையோ பாத்துருக்கேன், அந்த ஆளு என்ன தொழில் பண்றாருன்னு ஒரு வார்த்த இருக்காது.

மூக்கையூர் அண்ணே, நீங்க சொன்ன வெந்நி சரிதான், நான் மறுக்கல. கெளுத்தி, திருக்கை முள்ளுல இருக்குற விஷம் புரதம், 45 டிகிரி சூட்டுல அது கெட்டுப்போகும், அதான் கடுப்பு நிக்குது. ஆனா அது விஷத்துக்கு செய்யிற வைத்தியம். முள்ளோட சேந்து உள்ள போன கிருமிய அது ஒண்ணும் பண்ணாது.

பாம்பன்_தென்கடல்

அக்கா ரொம்ப நன்றி. நாளைக்கே ராமநாதபுரம் கூட்டிட்டு போறேன். ஆனா புரியல, ஆறு மாசமா கிருமி உள்ளயே இருக்குன்னா உடம்பு ஏன் அத கொல்லல? ரத்தத்துல வெள்ளையணு எதுக்கு இருக்கு?

தொண்டிக்கரை

நானும் அதத்தான் கேக்க வந்தேன். எங்க அத்தாவுக்கு டிபி வந்து ஆறு மாசம் மாத்திர போட்டாங்க, மூணாவது மாசமே நல்லாயிட்டோம்னு நிறுத்த பாத்தாங்க, லாத்தாதான் அழுது புடிச்சு குடுத்தாங்க. ஏன் அத்தன மாசம்னு அன்னைக்கு யாரும் சொல்லல.

திருப்பாலைக்குடி_லேப்

ரெண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க, எனக்கு ரொம்ப புடிச்ச விசயம் இது.

நம்ம தோலுக்கு கீழ மேக்ரோஃபேஜ்னு ஒரு செல்லு ரோந்து சுத்திக்கிட்டே இருக்கும். கிருமிய பாத்தா அதோட சவ்வு ரெண்டு பக்கமும் நீண்டு வந்து கிருமிய சுத்தி வளைச்சு அப்படியே உள்ள இழுத்துக்கும். உள்ள போனதும் கிருமி ஒரு சின்ன பைக்குள்ள கெடக்கும். பெறகு லைசோசோம்னு இன்னொரு பை, அமிலமும் செரிக்கிற நொதியும் நெறஞ்சது, அது வந்து இந்த பையோட ஒட்டி கலந்துரும். கிருமி கரைஞ்சு போகும். சாதாரணமா கீறல்ல போற முக்காவாசி கிருமிக்கு இதான் கதி, நமக்கு தெரியக்கூட தெரியாது.

மரினம் இந்த எடத்துலதான் வேற ஆட்டம் ஆடுது. அதுக்கு விழுங்கப்படுறதுல எந்த பயமும் இல்ல, விழுங்கணும்னுதான் வருது. அதோட மேல்தோல் முழுக்க மெழுகு மாதிரி கொழுப்பு. அந்த கொழுப்புல ஒரு வகை, கிருமியோட அடையாளத்த மூடி மறைச்சுருது, அதனால மொதல்ல வந்து அடிச்சு கொல்லக்கூடிய செல்லுங்களுக்கு தகவலே போறது இல்ல. இன்னொரு வகை கொழுப்பு ஆள் கூப்புடுது, அந்த கூப்பாட்டுக்கு வர்றது கொல்லுற தெம்பு கம்மியான மேக்ரோஃபேஜ். தனக்கு எந்த வீடு வேணும்னு அதுவே தேர்ந்தெடுத்து ஏறிக்குது.

உள்ள போனதும் லைசோசோம் பைய ஒட்டவிடாம தடுக்கும். அதோட விடாது, ஈஎஸ்எக்ஸ்-1னு ஒரு சுரப்பு கருவி வச்சுருக்கு, அத வச்சு தான் இருக்குற பையோட சவ்வையே ஓட்ட போட்டு செல்லோட திறந்த நடுப்பகுதிக்கு வந்துரும். அங்க நம்ம செல்லோட சொந்த ஆக்டின் இழைகள பின்னால வால் மாதிரி கட்டிக்கிட்டு அதோட உந்துதல்ல நகரும். நம்ம செல்லு தான் அசையறதுக்கு வச்சுருக்குற இழை அது, அதுலயே கிருமி சவாரி போகுது.

உடம்பும் சும்மா இல்ல. கொல்ல முடியலன்னா சுத்தி வேலி போடும், மேக்ரோஃபேஜ் எல்லாம் கூடி ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா ஒட்டி ஒரு உருண்ட ஆகும். அதுக்கு கிரானுலோமான்னு பேரு. அம்மா விரல்ல தொட்டா கல்லு மாதிரி தட்டுப்படுற முடிச்சு பெரும்பாலும் அதுதான். ரொம்ப காலமா இது கிருமிய சிறை வைக்கிற சொவருன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. லலிதா ராமகிருஷ்ணன்னு ஒரு அம்மா, பரோடாவுல பொறந்து வளந்தவங்க, இப்ப கேம்பிரிட்ஜ்ல இருக்காங்க, அவங்க வரிக்குதிர மீனோட குஞ்சுல மரினத்த ஏத்தி பாத்தாங்க. நம்ம நாட்டு ஓடையிலயும் வயக்காட்டுலயும் இருக்குற சின்ன மீன் அது, குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உயிரோட இருக்கும்போதே மைக்ராஸ்கோப்ல ஒவ்வொரு செல்லும் என்ன பண்ணுதுன்னு பாக்கலாம். 2009ல அவங்க காட்டுனது என்னன்னா, கிரானுலோமாவுல ஒரு மேக்ரோஃபேஜ் செத்தா அத சுத்தம் பண்ண புதுசா பலது வருது, செத்த செல்ல திங்கும்போது உள்ள இருந்த கிருமியும் சேந்து இதுங்களுக்குள்ள போயிருது. அதுல சிலது அங்கருந்து கெளம்பி வேற எடத்துக்கு போய் அங்க புது முடிச்சு தொடங்குது. காவலுக்கு வந்த ஆளே கிருமிய தூக்கிக்கிட்டு போறான். முடிச்சு விரல்லருந்து மணிக்கட்டுக்கு ஏறுறதுக்கும் இத மாதிரி செல்லுங்கதான் வண்டி.

இப்ப ஸ்டீராய்டு ஏன் கெடுத்துச்சுன்னு பாருங்க. அது வீக்கத்த கொறைக்கும், கூடவே இந்த செல்லுங்களோட கையையும் கட்டிப்போடும். வெளிய பாக்க அமுங்குன மாதிரி இருக்கும், உள்ள கிருமிக்கு கேக்க ஆளில்ல.

தொண்டிக்கரை

சுபஹானல்லாஹ். ரெண்டு தடவ படிச்சேன் லாத்தா. அப்ப மாத்திர ஏன் ஆறு மாசம்?

திருப்பாலைக்குடி_லேப்

மூணு காரணம் இருக்கு பாய், மூணும் சேந்துதான். ஒண்ணு, இது பெருகுறதே மெதுவு, வயித்துல இருக்குற ஈ கோலை இருபது நிமிசத்துல ரெண்டாகும், டிபி கிருமிக்கு ஏறக்கொறைய ஒரு நாளு ஆகும். நெறைய மருந்து கிருமி வளர்ற நேரத்துலதான் புடிக்கும். ரெண்டாவது அந்த மெழுகு தோலு, மருந்து லேசுல எறங்காது. மூணாவதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம், மேக்ரோஃபேஜுக்குள்ள போய் உக்காந்ததும் கிருமி தன்னோட பம்புகள முடுக்கிவிட்டு உள்ள வர்ற மருந்த வெளிய தள்ளுது, வெளிய இருக்கும்போது அதே கிருமி அதே மருந்துக்கு செத்துரும். உள்ள குடியேறுனதால வர்ற தாக்குப்பிடிப்பு அது. அத்தா மூணாவது மாசம் நல்லாயிட்டோம்னு நெனச்சது தப்பே இல்ல, பெரும்பாலான கிருமி செத்துருக்கும், பம்ப வச்சுக்கிட்டு கெடந்தது மிச்சம் இருந்துருக்கும். லாத்தா அழுதது வீண் போகல.

மாத்திரய வீட்ல இருந்தே போட்டு டிபிய கொணப்படுத்த முடியும்னு ஒலகத்துக்கே காட்டுனது நம்ம சென்னைதான். 1956ல தொடங்குன மையத்துல ஒரு பகுதி நோயாளிகள சானிடோரியத்துல வச்சும் இன்னொரு பகுதிய வீட்லயே விட்டும் ஒரே மருந்த ஒரு வருசம் குடுத்து பாத்தாங்க, குணமானதுல பெரிய வித்தியாசம் இல்ல, 1959ல வெளிவந்துச்சு. நம்ம வீட்டு சனங்க ஒழுங்கா மாத்திர போட்டு நிரூபிச்சது அது.

ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்ல மிச்சமிருக்குற டிபி மாத்திரய வாங்கி அம்மாவுக்கு குடுத்துறாதீங்க. மரினத்துக்கு அதுல பைரசினமைடு கேக்காது, ஐசோனியசிடும் பெரும்பாலும் கேக்காது. டாக்டர் வேற சேர்மானம் குடுப்பாங்க.

காரங்காடு_அலையாத்தி

தம்பியோட பெரியப்பா விசயத்துக்கு பதில் வரலையே அக்கா. எங்க ஊர்ல அலையாத்தி காட்டுக்குள்ள சேத்துல கால் வச்சுத்தான் நண்டு புடிக்கிறோம், நண்டு கவ்வாத நாளு இல்ல. எங்களுக்கு அந்த பயம்தான் பெருசு.

திருப்பாலைக்குடி_லேப்

அதுக்குத்தான் வர்றேன். தம்பி, பெரியப்பாவுக்கு சுகர் இல்ல ஈரல் கோளாறு ஏதாவது இருந்துச்சா?

பாம்பன்_தென்கடல்

ஈரல் கெட்டுப்போச்சுன்னு ஒரு வருசம் முன்னாடியே சொல்லிருந்தாங்க அக்கா. குடிப்பாரு. சுகரும் இருந்துச்சு.

திருப்பாலைக்குடி_லேப்

மனசு கஷ்டமா இருக்கு தம்பி. டெஸ்ட் எதுவும் பண்ணாதப்ப இதான்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா கழிமுகம், முள்ளு, ஒரு நாளுக்குள்ள கருஞ்செவப்பு கொப்புளம், கெட்ட ஈரல், நாலும் சேந்து நிக்கும்போது மொதல்ல சந்தேகப்பட வேண்டியது விப்ரியோ வல்னிஃபிகஸ்.

இது மரினத்துக்கு நேர் எதிர். உள்ள குடியிருக்க இதுக்கு பொறுமை கெடையாது. வெதுவெதுப்பான, உப்பு கொஞ்சம் கொறஞ்ச தண்ணில இருக்கும், ஆறும் கடலும் சேர்ற எடம் மாதிரி. மேல வழவழன்னு ஒரு சர்க்கரை உறை போட்டுருக்கும், மேக்ரோஃபேஜ் புடிக்கப்போனா வழுக்கிரும், விழுங்கவே முடியாது. வெளியவே நின்னுக்கிட்டு நஞ்ச அனுப்பும். அதுல ஒண்ணு ரொம்ப பெரிய நஞ்சு, மார்ட்டெக்ஸ்னு சொல்லுவாங்க, நம்ம செல்லோட சவ்வுல ஓட்ட போட்டு அது வழியா பல துண்டு ஆயுதத்த உள்ள எறக்கும், செல்ல தாங்கி நிக்கிற ஆக்டின் கட்டமைப்பு கொலஞ்சு செல்லு சரிஞ்சு விழும். ரத்தக்குழாய் கசியும். அந்த கருஞ்செவப்பு கொப்புளம் அதுதான்.

சரி, ஆயிரம் பேர் கழிமுகத்துல எறங்குறாங்க, எல்லாருக்குமா வருது? இல்ல. இங்கதான் இரும்பு வருது. கிருமி எதுவும் இரும்புச்சத்து இல்லாம பெருக முடியாது. நம்ம உடம்புக்கு அது தெரியும், அதனால ரத்தத்துல இரும்ப தனியா விடவே விடாது, டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு புரதத்துல பூட்டி வச்சுருக்கும். ஈரல்லருந்து ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் வந்து இரும்பு வெளிய வராம காவல் காக்கும். ஈரல் கெட்டா அந்த காவல் தளந்துரும், ரத்தத்துல இரும்பு மிதக்கும், வல்னிஃபிகஸுக்கு அது விருந்து, மணிக்கணக்குல பெருகிரும். அதே முள்ளு நல்ல ஈரல் உள்ள ஒருத்தருக்கு குத்திருந்தா ஒருவேள லேசான வீக்கத்தோட போயிருக்கலாம். பெரியப்பாவோட உடம்புல பூட்டு திறந்து கெடந்த நேரத்துல கிருமி வந்துருச்சு.

காரங்காடு தம்பிக்கு: சேத்துல கடிபட்டா உடனே நல்ல தண்ணி, சோப்பு போட்டு நல்லா தேச்சு கழுவுங்க, கடல் தண்ணில அலசுறது கழுவுறதாகாது. சில மணி நேரத்துல கடிய மிஞ்சுன வலி, வேகமா பரவுற செவப்பு, காச்சல், கொப்புளம்னு வந்தா விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியே கெளம்புங்க. இந்த நோய் முத்துனவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் இறந்துபோறாங்க, அதுவும் சிலசமயம் ஒண்ணு ரெண்டு நாள்ல. டாக்டர் ஊசி மருந்தோட சிலசமயம் செத்த சதைய வெட்டி எடுக்கவும் செய்வாங்க, தடுக்காதீங்க. ஈரல் கோளாறு, சுகர் உள்ளவங்க கையில கால்ல புண் இருந்தா அது மூடுற வரைக்கும் தண்ணில எறங்காம இருக்குறது நல்லது, தொழிலு போகும்னு தெரியும், தெரிஞ்சேதான் சொல்றேன்.

டிடி ஊசி போட்டு அஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சுன்னா அதையும் கேளுங்க. ரணஜன்னி கிருமி காயத்துலயே கெடக்கும், ஒரு அடி நகராது, அதோட நஞ்சு மட்டும் நரம்பு வழியா தண்டுவடம் வரைக்கும் ஏறும், தசைய தளத்துற சைகைய அங்க போய் அறுத்துரும், அதனாலதான் தாடை பூட்டிக்குது.

மண்டபம்_கேம்ப்

இழைய ஆரம்பத்துலருந்து படிச்சுட்டு வர்றேன். எங்க தாத்தா மண்டபம் கேம்ப்ல வேல பாத்தவரு. அப்ப சிலோன் தேயில தோட்டத்துக்கு போற சனங்கள கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி இங்கதான் நாள்கணக்குல நிறுத்தி வைப்பாங்களாம், காலரா, அம்மை இருக்கான்னு பாத்து ஊசி போட்டுத்தான் அனுப்புவாங்க. வாந்திபேதி வந்த ஆளு காலையில பேசிக்கிட்டு இருந்தா சாயங்காலம் கண்ணு குழி விழுந்து தோலு சுருங்கி கெடப்பாருன்னு தாத்தா சொல்லுவாரு. காலராவும் விப்ரியோதானே? அதுவும் வல்னிஃபிகஸ் மாதிரி செல்ல அழிக்குமா?

திருப்பாலைக்குடி_லேப்

ஒரே குடும்பம் அண்ணே, ஆனா பழக்கம் வேற. காலரா கிருமி குடலோட செல்ல அழிக்கிறதும் இல்ல, உள்ள போறதும் இல்ல. குடல் சொவத்துல மெல்லிய நாராட்டம் ஒண்ண நீட்டி கூட்டமா ஒட்டிக்கும், பெறகு நஞ்ச விடும். அந்த நஞ்சுல ஆறு துண்டு, அஞ்சு துண்டு வளையமா சேந்து செல்லோட சவ்வுல ஜிஎம்1ங்குற கொழுப்ப புடிச்சுக்கும், ஆறாவது துண்டு உள்ள போய் செல்லுக்குள்ள இருக்குற ஒரு சுவிட்ச "ஆன்"லயே பூட்டிரும். சுவிட்சு அணையாததால குளோரைடு உப்பு குடலுக்குள்ள கொட்டிக்கிட்டே இருக்கும், உப்பு போற எடத்துக்கு தண்ணி போகும். செல்லு உயிரோடதான் இருக்கு, சொன்ன வேலய செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா சொல்றது யாருன்னா கிருமி. ஒரு நாளைக்கு பத்து லிட்டருக்கு மேலகூட வெளியேறும். தாத்தா பாத்த குழி விழுந்த கண்ணு அதுதான்.

இந்த நஞ்ச 1959ல கண்டு காட்டுனவரு கல்கத்தாவுல எஸ்.என்.டே, முயலோட குடல்ல ஒரு பகுதிய கட்டி, கிருமிய முழுசா வடிகட்டி எடுத்துட்டு வெறும் நீர மட்டும் உள்ள விட்டாரு, குடல் தண்ணி கோத்து உப்பிருச்சு. கிருமியே வேணாம், அது விட்ட நஞ்சு போதும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அந்த நஞ்சு செய்யிற மரபணுகூட கிருமியோட சொந்தம் இல்ல, அத பிடிச்ச ஒரு வைரஸ் கொண்டாந்து போட்டது, 1996ல கண்டுபிடிச்சாங்க.

சுவிட்சு பூட்டுனாலும் குடல் செல்லுல இன்னொரு கதவு கெடாம இருக்கு. சர்க்கரையும் உப்பும் சேந்து வந்தா ரெண்டையும் ஒண்ணா உள்ள இழுத்துக்குற கதவு, தண்ணியும் பின்னாலயே போயிரும். ஓஆர்எஸ் அந்த கதவுலதான் நொழையுது. 1971ல வங்காளதேசத்துலருந்து வந்த அகதிங்க முகாம்ல திலீப் மஹலநபிஸ் டாக்டர் டிரிப் தீந்துபோன நேரத்துல அத டிரம்முல கரைச்சு வாயால குடிக்க வச்சே ஏகப்பட்ட உசுர காப்பாத்துனாரு. பாக்கெட் கெடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில டீஸ்பூன்ல தலை தட்டி ஆறு சர்க்கரை, அரை உப்பு. உப்பு கூடிறக்கூடாது. உப்பு போட்ட அரிசிக்கஞ்சிக்கும் அதே கதவுதான், நம்ம ஆத்தாமாரு குடுத்தது சும்மா இல்ல.

கடல்ல இந்த கிருமி கண்ணுக்கு லேசா தெரியிற மிதவை பூச்சிகளோட ஓட்டுல, நண்டு இறால் ஓடு செஞ்ச அதே கைட்டின்ல, ஒட்டித்தான் வாழுது. அதனால பங்களாதேஷ் கிராமங்கள்ல பழைய சேலய மடிச்சு அதுல தண்ணிய வடிகட்ட சொல்லி பாத்தாங்க, 2003ல முடிவு வந்துச்சு, காலரா 48 சதவீதம் கொறஞ்சுருச்சு. பூச்சி வடிகட்டுனா கிருமியும் அதோட போகுது.

மூக்கையூர்_வலை

தாயி, வெந்நி விசயம் நீ பிரிச்சு சொன்னது எனக்கு புரிஞ்சுருச்சு. விஷம் வேற கிருமி வேற. எங்க ஊரு பயலுகளுக்கும் சொல்லிட்டேன், முள்ளு குத்துனா வெந்நி, அதோட சோப்பும்.

பாம்பன்_தென்கடல்

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். அக்கா சொன்ன மாதிரியே போன ஒடனே "பாசி எடுக்குறவங்க"ன்னு சொன்னேன், அந்த டாக்டரம்மா பேனாவ வச்சுட்டு அம்மா கைய புடிச்சு வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாத்தாங்க. துண்டு எடுத்தாங்க. 30 டிகிரின்னு நான் கேக்குறதுக்கு முன்னாடியே அவங்களே எழுதிட்டாங்க. அஞ்சு வாரம் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு, மரினம்தான். கிளாரித்ரோமைசின், எத்தாம்புட்டால், ரிஃபாம்பிசின் மூணும் எழுதியிருக்காங்க. முடிச்சு முழுசா மறைஞ்ச பெறகும் ரெண்டு மாசம் நிறுத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப மூணு வாரம் ஆச்சு, கசிவு நின்னுருச்சு. ஆனா ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்துல போகுது, அம்மா பயந்து ரெண்டு நாளு மாத்திரய ஒளிச்சு வச்சுட்டாங்க.

திருப்பாலைக்குடி_லேப்

தம்பி எவ்வளவு சந்தோசம்னு சொல்லத் தெரியல. லேப்ல அந்த கிருமி எப்புடி இருக்கும் தெரியுமா, கிருமி வளக்குறதுக்குன்னு முட்ட கலந்து செஞ்ச வெளிர் பச்ச ஊடகத்துல இருட்டுல வளந்தா வெறும் பால் நிறம், வெளிச்சத்துல எடுத்து வச்சுட்டு மறுநாள் பாத்தா எலுமிச்ச மஞ்சளா மாறியிருக்கும். மொத மொதல்ல பாத்தப்ப பாட்டில கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன்.

ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசினோட நிறம், கண்ணீர்கூட அப்படி வரலாம், கெடுதல் இல்ல. அம்மாகிட்ட சொல்லி இன்னைக்கே தொடங்க சொல்லுங்க, ரெண்டு நாளு விட்டத டாக்டர்கிட்டயும் சொல்லிருங்க. கண்ணு வெள்ள மஞ்சளானா, பசியே இல்லாம வாந்தி வந்தா மட்டும் உடனே போங்க. எத்தாம்புட்டாலுக்கு பாக்க வேண்டியது வேற, அது சிலருக்கு பார்வை நரம்ப தொடும், மொதல்ல செவப்பு பச்ச வித்தியாசம் மங்கும். வாரத்துக்கு ஒரு தடவ அம்மாவ ஒவ்வொரு கண்ணா மூடி நிறம் பாக்க சொல்லுங்க.

இன்னொன்னு, விரல்ல சுத்துற துணிய ஈரத்தோட மறுநாளும் சுத்தக்கூடாது. நல்ல தண்ணில சோப்பு போட்டு அலசி வெயில்ல காயணும். புண் மூடுற வரைக்கும் தண்ணியே வேணாம்.

பாம்பன்_தென்கடல்

சரிக்கா. அம்மா இப்ப கரையில உக்காந்து வல கட்டித்தான் குடுக்குறாங்க. இப்பதான் இடது கண்ண மூடச் சொல்லி கேட்டேன், பிறகு வலது. நூலு பச்ச, மிதவ செவப்பு, ரெண்டு கண்ணுலயும் சரியா சொன்னாங்க. மாத்திரய அரிசிப்பானைக்குள்ளருந்து எடுத்துக் குடுத்துட்டாங்க.